நம்ம ஆளுதானே! – இணையக் குழுக்களும் நமது வணிக உறவுகளும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நம்மவர்களின் வணிகப் புலனக் குழு எதையாவது திறந்து பாருங்கள். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஒரு சுவரொட்டி. அதன் கீழே சேலைக்கு ஒன்று. அதற்கும் கீழே காப்புறுதி, வாகனக் கடன், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு. இடையிடையே ரோஜாப்பூவுடன் 'இனிய காலை வணக்கம்'. முறுக்கு விற்பவர் சேலைச் சுவரொட்டியைப் பார்ப்பதில்லை. சேலை விற்பவர் காப்புறுதிக்காரருக்குப் பதில் சொல்வதில்லை. இருநூறு பேர் கூடிய சந்தையில் இருநூறு பேரும் விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர் ஒருவருமில்லை. இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் 'தொழில்முனைவோர் தொடர்புக் குழு'.

லிங்க்டின்னில் நிலைமை சற்று நாகரிகமானது, அவ்வளவுதான். அங்கே ரோஜாப்பூ இல்லை; சான்றிதழைக் கையில் பிடித்த படங்கள் உள்ளன. 'பெருமையுடன் அறிவிக்கிறேன்' என்று ஒருவர் எழுத, எழுபது பேர் 'வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இப்படி ஐந்நூறு தொடர்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டதாரி ஒருவரிடம், 'இவர்களில் எத்தனை பேரை நாளை தொலைபேசியில் அழைக்க முடியும்?' என்று கேட்டால் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். பெரும்பாலும் ஒரு கையோடு எண்ணிக்கை நின்றுவிடும்.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம்தான். ஆனால் தொடர்பு என்ற ஒன்று நம்மவர்க்குத் தேவைப்படும் அளவுக்கு வேறு பலருக்குத் தேவைப்படாது என்பதை எண்ணும்போது சிரிப்பு வருவதில்லை. இந்த இதழைப் படிக்கும் மாணவர்களில் கணிசமானோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா லாரி ஓட்டியவர் அல்லது தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். அவர்களுக்கும் தொடர்புகள் இருந்தன. லயத்து வீட்டில் ஒரு சாவு என்றால் பத்து நிமிடத்தில் கூடிவிடும் உறவு அது. இன்றைக்கு எந்தச் செயலியாலும் அதை உண்டாக்க முடியாது. ஆயினும் அந்த உறவு வங்கி மேலாளரின் அறைவரைக்கும் போகாது. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி யார் என்பதும் அந்த வட்டத்தில் யாருக்கும் தெரியாது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் கோல்ப் நண்பர் தொழிற்பயிற்சிக்கு இடம் தருகிறார். நம் பிள்ளை நாற்பது நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது.

இங்கேதான் முன்பின் தெரியாதவர்களோடு நம்மை இணைக்கும் குழுக்கள் பயன்பட வேண்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்று இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாஸ்டன் நகருக்கு அருகே, அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: 'தகவல் தந்த அந்த நபரை அப்போது நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?' வாரத்துக்கு இருமுறையாவது சந்திப்பவர் என்று சொன்னோர் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர் என்றோர் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது அதனினும் குறைவு என்றோர் 27.8 விழுக்காடு. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அவரும் நாமும் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறோம். ஒரே ஆட்களோடு பேசுகிறோம். புதிய செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும்.

மிகச் சிறிய ஆய்வு அது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, லிங்க்டின்னைப் பயன்படுத்தும் சுமார் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு இதே கருத்தைச் சோதித்தது. 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அத்தளம் பரிந்துரைக்கும் பெயர்களை ஐந்தாண்டுக் காலம் வெவ்வேறு விதமாக மாற்றிப் பார்த்தார்கள். வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவர்கள் நெருக்கமானவர்கள் அல்லர். முற்றிலும் அந்நியரும் அல்லர். ஓரளவு பொதுவான அறிமுகங்கள் கொண்ட, சற்றுத் தள்ளி நிற்பவர்களே. நமது முன்னாள் மாணவர் எல்லாரும் ஏறத்தாழ இந்த வகைக்குள் அடங்குவர் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

வணிகத் தொடர்பு என்பது நமக்குப் புதிய கலையா என்றால், இல்லை. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும், பினாங்கு ஸ்திரீட்டிலும் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம்; ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு மேசைப் பலகை; பல முதலாளிகளின் முகவர்கள் அருகருகே அமர்ந்து தொழில் செய்தார்கள். முகவர் பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்கு வருவார்; கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ரங்கூன் போன்ற ஊர்களில் கோயிலில் கூடி 'நடப்பு வட்டி' எவ்வளவு என்று முடிவு செய்தார்கள். யாருடைய நாணயம் எப்படிப்பட்டது என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரிடம் சொன்ன சொல்லை மீறியவருக்குப் பக்கத்து மேசையிலும் கடன் கிடைக்காது.

இதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கூடத்துக்குள் தோட்டத் தொழிலாளியின் மகன் நுழைந்து ஒரு பெட்டி போட்டிருக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறப்பால் கிடைத்த நம்பிக்கை அது. பிறப்பால் வராதவருக்கு மூடிய கதவு. துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டாளிகளிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டியபோதுதான் சாமானியத் தமிழனுக்கும் இந்நாட்டில் அப்படியொரு பெரிய வலைப்பின்னல் வாய்த்தது எனலாம். இணையக் குழுவின் சிறப்பும் இதுவே. நுழைவதற்குக் குலமோ கோத்திரமோ கேட்பதில்லை. ஆனால் கிட்டங்கியில் பிறப்பு தந்த நம்பிக்கையை இங்கே நாமே உழைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைத்தான் நாம் தவிர்க்கப் பார்க்கிறோம்.

இணையத்தில் அந்நியர்கள் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாதிக்க முடியுமா என்று ஐயப்படுவோருக்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. 1990-களில், மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளையின் தமிழ்.நெட் மடலாடற்குழுவில் உலகெங்குமிருந்த தமிழர்கள் எழுதினார்கள். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் அவர்களுக்கு எழுதுகருவியாக இருந்தது. பேராசிரியர், பொறியாளர், எழுத்தாளர் எனப் பலதரப்பட்டோர் தமிழ் எழுத்துக் குறியீட்டைப் பற்றி வாதாடினார்கள், சண்டையும் போட்டார்கள். 1997-இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 2000-இல் உத்தமம் அமைப்பு பிறந்தது. 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. மின்மடலில் வாதாடியவர்கள் நேரில் கைகுலுக்கினார்கள். அந்தக் குழுவில் யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. எல்லார்க்கும் பொதுவான ஒரு சிக்கல் நடுவில் இருந்தது. யார் எவ்வளவு அறிந்தவர், யார் சொன்னதைச் செய்பவர் என்பது அதைத் தீர்க்கும் முயற்சியிலேயே தெரிந்துவிட்டது.

ஆகவே மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பெரிய குழுக்களை விட்டு விலகுங்கள் என்பதே. ஐயாயிரம் பேர் கொண்ட 'மலேசிய இந்திய வணிகர்கள்' குழுவைவிட, உணவுப் பொட்டலத் துறையில் இருப்போர் நாற்பது பேர் கூடிய குழு பத்து மடங்கு மேல். அங்கே சேர்ந்து முதல் இரண்டு மாதம் எதையும் விற்காதீர்கள். யார் எதைக் கேட்கிறார், யார் பொறுமையாகப் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். உங்களுக்குத் தெரிந்த சிறு விஷயம் ஒன்று கேட்கப்படும்போது விரிவாகப் பதில் எழுதுங்கள். கணக்கியல் மாணவனுக்கு ஊழியர் சேமநிதிக் கழிவு எப்படி என்று தெரியும். ஐம்பது வயதுப் பட்டறை முதலாளிக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒரு நல்ல பதிலுக்குப் பிறகு அவர் உங்கள் பெயரை மறக்கமாட்டார்.

கேட்கும் முறையும் உண்டு. எனக்கு லிங்க்டின்னில் வரும் மடல்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: 'ஹாய் சார், உங்கள் கம்பெனியில் வேலை காலி உண்டா?' அனுப்பியவர் என்ன படித்தார், என்ன வேலை தேடுகிறார், நான் என்ன தொழில் செய்கிறேன் என்று பார்த்தாரா, ஒன்றுமில்லை. அண்மையில் ஒரு தங்கையிடமிருந்து வந்த மடல் வேறு மாதிரி. தாம் மூன்றாம் ஆண்டு மாணவி என்றும், சிறு உணவகங்களின் ரொக்க வரவு குறித்து ஆய்வேடு எழுதுவதாகவும், உணவகங்களுக்குக் கணக்கெழுதும் என்னிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்க விரும்புவதாகவும், பதினைந்து நிமிடம் போதும் என்றும் எழுதியிருந்தார். பேசினோம். பதினைந்து நிமிடம் ஒரு மணிநேரமாயிற்று. ஆய்வேடு முடிந்ததும் அதன் சுருக்கத்தை எனக்கு அனுப்பிவைத்தார். இந்தக் கடைசிச் செயலைப் பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை. ஓராண்டு கழித்து என் வாடிக்கையாளர் ஒருவர் கணக்காளர் தேடியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் அவருடையதே.

(பட்டம் விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுயவிவரத்தில் பெயருக்கு முன் மூன்று பட்டம், பெயருக்குப் பின் நான்கு எழுத்து வைத்துக்கொள்வோர் நம்மில் பெருகிவிட்டனர். தொழில் என்ன என்று தேடினால் 'கனவுகளை விதைப்பவர்' என்று இருக்கிறது. ஐயா, நீங்கள் விற்பது என்ன? கூரைத் தகடா, மென்பொருளா?)

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். நமது குழுக்களில் ஏற்படும் அறிமுகங்கள் வணிக உறவாக வளராமல் போவதற்கு 'நம்ம ஆளுதானே' என்ற இரண்டு சொற்களே பெருங்காரணம் என்பது என் உறுதியான கருத்து. கிள்ளானில் அச்சகம் நடத்தும் ஒருவரை நம் குழுவில் கண்டுபிடிக்கிறோம். மகிழ்ச்சி. கொட்டேஷன் கேட்கிறோம். வந்தவுடன் முதல் வாக்கியம்: 'நம்ம ஆளுதானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க.' அவர் குறைக்கிறார். வேலை முடிகிறது. பணம்? 'நம்ம ஆளுதானே, மாசக் கடைசியில பார்ப்போம்.' மாதக் கடைசி மூன்று மாதமாகிறது. இதே நபர் வேற்றினத்தவர் கடையில் அச்சடித்திருந்தால் முன்பணம் ஐம்பது விழுக்காடு மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பார். மீதியைப் பொருளை எடுக்கும்போதே செலுத்தியிருப்பார்.

கணக்கெழுதும் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன்: சிறு நிறுவனத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் நட்டமன்று, வரவேண்டிய பணம் வராமல் போவது. காகிதத்தில் இலாபம் இருக்கும். ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க ரொக்கம் இருக்காது. அச்சகக்காரர் இரண்டு முறை இப்படி அடிபட்டபின், நம் குழுவிலிருந்து வரும் எந்த விசாரிப்புக்கும் பதில் எழுதமாட்டார். பிறகு நாம் சொல்வோம், 'நம்மவர்க்கு நம்மவர் உதவுவதில்லை' என்று. மறுபக்கமும் உண்டு. 'நம்ம ஆளுதானே' என்று வேலையைத் தள்ளிப்போடும் விற்பனையாளர்களையும், திருமண அழைப்பிதழை முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தந்தவர்களையும் நான் அறிவேன். சலுகை இரு திசையிலும் எதிர்பார்க்கப்படுகிறது; இரு திசையிலும் கசப்பே மிஞ்சுகிறது. நம்மவரிடம் வாங்கினால் முழு விலை கொடுத்து, பிறருக்குக் கொடுப்பதைவிட ஒரு வாரம் முந்திப் பணம் கட்டுவதுதான் ஆதரவு. குழுவில் 'இவர் சொன்ன நாளில் தந்தார்' என்று இரண்டு வரி எழுதினால் அது ஆயிரம் சுவரொட்டிக்குச் சமம்.

1985-இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. அமைப்பு நம் நாட்டிலும் கிளைகளோடு இயங்குவதைப் பலர் அறிவீர்கள். ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே என்பது அதன் விதி. வாரந்தோறும் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கிறார்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அக்கூட்டங்கள் சூம் திரைக்கு மாறின. கட்டணம் மாணவர்க்குக் கட்டுப்படியாகாது. அதில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரிந்துரை செய்பவர் தம் பெயரையே பணயம் வைக்கிறார் என்ற உணர்வு அங்கே இருக்கிறது. அது நம் புலனக் குழுக்களில் இல்லை. யார் எண்ணைக் கேட்டாலும் யாருடைய எண்ணையோ அனுப்பிவிடுகிறோம், கேட்டவரின் தகுதியையும் பாராமல், எண்ணுக்குரியவரின் அனுமதியையும் பெறாமல்.

ஏமாற்று வேலை பற்றிப் பேசாமல் இத்தலைப்பை முடிக்க முடியாது. 'வணிக வாய்ப்பு, பகுதி நேரம், மாணவர்க்கு ஏற்றது' என்று மடல் வந்தால், பொருள் எது என்பதை முதலில் கேளுங்கள். பொருளைவிட ஆள் சேர்ப்பதற்கே பணம் என்றால் அது பிரமிட் திட்டம். 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். தமிழில் இனிமையாகப் பேசுகிறார், கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறோம் என்பதெல்லாம் சான்றாகா. கூட்டுச் சீட்டை 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனாலும் அதில் பணம் போட்டு இழந்த வீடுகள் நம்மிடையே குறைவா? நம்பிக்கை நம் பலம் என்பதை மோசக்காரனும் அறிவான். நிறுவனத்தின் பெயரைத் தந்தால் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிவு உள்ளதா என்று சரிபாருங்கள். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். அதையும் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 997 எண்ணை அழையுங்கள்.

மாணவியர் எதிர்நோக்கும் தொல்லை வேறு வகையானது. தொழில் குழுவில் ஒரு பெண் கேள்வி கேட்டால், குழுவில் பதில் வருவதற்குள் தனிமடலில் 'சாப்பிட்டாச்சா?' வந்துவிடுகிறது. இதனாலேயே வாய் திறக்காமல் இருக்கும் திறமையான பெண்களை நான் அறிவேன். குழு நிர்வாகிகள் இதைச் சில்லறை விஷயமாக எண்ணக்கூடாது. முதல் புகாரிலேயே அந்த ஆளை நீக்கத் துணியாத நிர்வாகி, குழுவின் பாதிப் பேரை ஊமையாக்குகிறார்.

தமிழர் குழுக்களில் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. இந்நாட்டில் வாங்குவோரும் விற்போரும் எல்லா இனத்தவரும்தாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் இயங்கும் துறைசார் குழுக்களில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். முன்சொன்ன ஆய்வுகளின்படி புதிய செய்தி அங்கிருந்தே அதிகம் வரும். பின் தமிழ்க் குழு எதற்கு? வெளியே கேட்கக் கூசும் கேள்விகளைக் கேட்பதற்கு. வங்கியில் கடன் மனு ஏன் தள்ளுபடியானது, முதல் நேர்முகத்தில் சம்பளம் எவ்வளவு கேட்பது, பங்குதாரரான மைத்துனரிடம் கணக்கு எப்படிக் கேட்பது என்பவற்றையெல்லாம் தாய்மொழியில்தான் மனம் திறந்து பேச முடிகிறது.

நிறைவாக நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். முன்னாள் மாணவர் குழு நமக்கு இருக்கிறது. விருந்து நுழைவுச்சீட்டு விற்கும் பருவத்தில் அது விழித்துக்கொள்ளும், மற்ற நாளில் உறங்கும். ஆய்வு சொன்ன 'சற்றுத் தள்ளி நிற்பவர்கள்' அனைவரும் அங்கேதான் இருக்கிறார்கள்: ஈப்போவில் வழக்கறிஞர், ஜொகூரில் பொறியாளர், சுங்கை பட்டாணியில் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர். இவ்வாண்டு செயலவை ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். பெயர், தொழில், ஊர், எந்த விஷயத்தில் பதில் சொல்ல இயலும், மாதத்தில் எத்தனை முறை அரை மணிநேரம் ஒதுக்க முடியும் என ஐந்தே பத்தி போதும். சம்மதித்தவர் பெயர் மட்டும் இடம்பெறட்டும்; தொலைபேசி எண் செயலவையிடம் இருக்கட்டும். மாணவர் தம் கேள்வியை எழுதித் தந்தால் செயலாளர் உரியவரிடம் சேர்ப்பிப்பார். லிங்க்டின்னும் தொடக்க ஆண்டுகளில் இடையில் இருக்கும் பொது நண்பர் வழியாகத்தான் அறிமுகத்தைக் கொண்டு சேர்த்தது. மூத்தோர் பதிலளிக்க ஒரு வாரம் தவணை. மாணவர் நன்றியோடு முடிவையும் தெரிவிக்க ஒரு மாதம் தவணை.

முதல் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறு நிறுவனக் கணக்கு, ஊழியர் சேமநிதி, வருமான வரி ஆகியவற்றில் மட்டும் கேளுங்கள். மாதம் நால்வர். செவ்வாய், வியாழக்கிழமைகளில் இரவு எட்டு மணிக்குமேல் பேசலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரிப் படிவ வேலை இருப்பதால் இருவரோடு நிறுத்திக்கொள்வேன்.